தொப்பி எங்கே போச்சு? ரிசீவரோடு சப்வூஃபரை இணைத்த மூன்று வாரங்கள்

அப்பாவுக்கு மிருதங்கம் என்றால் உயிர். வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். திருச்சியில் வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கோயில் உற்சவத்தில் யார் கச்சேரி என்று முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். இப்போது முழங்கால் வலி. வெளியே போவது குறைந்துவிட்டது. ஹாலில் ஈஸி சேரில் சாய்ந்தபடி டிவியிலேயே கச்சேரி கேட்பார். அந்த டிவி ஸ்பீக்கரில் மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கும். அதைக் கேட்கப் பொறுக்காமல்தான் ஒரு 5.1 ரிசீவரும் (டிவியின் ஒலியை வாங்கி ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துத் தரும் பெட்டி), முன்னால் வைக்க இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும், நடுவுக்கு ஒரு சென்டரும், பின்னால் மாட்ட இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும், அடி ஒலிக்கென்றே உள்ள 10 அங்குல பவர்டு சப்வூஃபர் ஒன்றும் வாங்கினேன்.

எல்லாம் மாட்டி முடித்த முதல் சாயங்காலம் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனை முழுக்கக் கேட்டார். பிறகு, “பாட்டு தெளிவா இருக்கு. வலந்தலை கணீர்னு கேக்குது. தொப்பி எங்கப்பா போச்சு?” என்றார்.

வலந்தலை என்பது மிருதங்கத்தின் வலது பக்கம், தொப்பி என்பது இடது பக்கம். கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பக்கம். வாத்தியத்தின் அடி ஒலி அங்கிருந்துதான் வருகிறது. உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கிக்காகவே அப்பா கச்சேரிக்குப் போவார். 10 அங்குல சப்வூஃபரை மூலையில் வைத்துக்கொண்டு அது கேட்கவில்லை என்றால் எப்படி? சினிமா போட்டால் குண்டு வெடிக்கும்போது ஜன்னல் அதிர்ந்தது. மிருதங்கத்துக்கு மட்டும் சப் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இணைப்பைப் பற்றி. நம்மில் பலர் வீட்டில் முதலில் பார்த்த ஹோம் தியேட்டர், 4.1 அல்லது 5.1 என்று பெட்டியில் போட்டு விற்கும் செட். அதில் ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். டிவியின் ஒயர் சப்புக்குப் போகும், சப்பிலிருந்து மற்ற ஸ்பீக்கர்களுக்கு ஒயர் போகும். அந்தப் படம் மனதில் இருந்தால் ரிசீவர் குழப்பும். இங்கே எல்லா ஒயரும் ரிசீவரில் வந்து சேர்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ரிசீவரே சக்தி கொடுத்து ஓட்டுகிறது. பவர்டு சப்புக்கு அது சக்தி எதுவும் தருவதில்லை, சிக்னலை மட்டும் அனுப்புகிறது. சப்புக்குள் அதற்கென்று தனி ஆம்ப் இருக்கிறது, அதற்குத் தனியாகக் கரண்டும் வேண்டும். அதனால் ரிசீவரின் பின்னால் சப்புக்குச் சிவப்பு, கறுப்பு டெர்மினலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ‘சப்வூஃபர் அவுட்’ அல்லது ‘ப்ரீ அவுட்’ என்று எழுதிய ஒற்றை ஆர்சிஏ துளை (பழைய டிவிடி பிளேயர் ஒயரைச் செருகுவோமே, அந்த வட்டத் துளை) இருக்கும். அங்கிருந்து சப்பில் ‘எல்எஃப்இ’ என்று எழுதிய துளைக்கு ஒரே ஒரு ஆர்சிஏ ஒயர் போனால் போதும். எல்எஃப்இ துளை இல்லாமல் இடது, வலது என்று இரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலான சப்களில் இடது பக்கத் துளையில் செருகினாலே வேலை செய்யும்.

அந்த ஒயருக்கு என்று தனியாகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வீட்டில் கிடந்தால் அதில் மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். வீடியோவுக்காகச் செய்தது என்பதால் அதன் மேல் கவசம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். என் சப் தூரமாக இருந்ததால் 5 மீட்டர் நீளத்தில் ஒன்று வாங்கினேன். சப்பின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் டெர்மினல்களும் இருந்தன. அவை சப்வூஃபர் அவுட் இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப்களுக்கானவை. ரிசீவர் வைத்திருப்பவர் அவற்றைத் தொட வேண்டியதே இல்லை.

ஸ்பீக்கர் ஒயருக்கு நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடைக் கணக்கில் சொன்னால் 1.5 ஸ்கொயர் எம்எம் போதும். 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பும் செம்பு ஒயரின் மின்தடை கால் ஓமுக்குள் அடங்கிவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. இதைவிட நீளம் போனாலோ 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலோ 2.5க்குப் போகலாம். வாங்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம் இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, அது நல்லதுதான்.

ஒயர் மாட்டும்போது ரிசீவரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கே வெளியே இருக்க வேண்டும். நான் முதல் நாள் அவசரத்தில் சென்டர் ஸ்பீக்கரின் ஒயரில் ஓர் இழையைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேன். மயிரிழை மாதிரி ஒரு செம்பு, சிவப்பிலிருந்து நீண்டு கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரிசீவரைப் போட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அணைந்துவிட்டது, முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கியது. அது ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல வேளை, அதற்குள் எதுவும் எரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முனையையும் 1 சென்டிமீட்டர் மட்டும் உரித்து, இறுக்கி முறுக்கி, ஒயர் முனையைப் பிடித்துக்கொள்ளும் பனானா பிளக் போட்டுவிட்டேன். பத்து முனைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. இனி எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இழை பிரியாது.

டிவியையும் ரிசீவரையும் ஒரே எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்தேன். இரண்டிலும் ‘ஏஆர்சி’ என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும், டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று இருந்தால் சினிமாவின் ஐந்து சேனலும் இரண்டாகச் சுருங்கித்தான் ரிசீவருக்கு வரும். ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இனி தொப்பிக்கு வருகிறேன்.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுக்கிறார்கள். அதை நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பி, தூரத்தையும் அளவையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்கு இது முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. காரணம் சீலிங் ஃபேன். அதன் காற்றும் இரைச்சலும் மைக்கைக் குழப்பிவிட்டன. ஃபேனை நிறுத்தி, அம்மா மிக்ஸியை முடித்த பிறகு, தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய ராத்திரி பத்து மணிக்குச் செய்தபோதுதான் நம்பும்படியான எண்கள் வந்தன. மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சேரின் குஷன் மேல் வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் மாட்டி, ஈஸி சேரில் சாய்ந்திருக்கும் அப்பாவின் காது எங்கே இருக்குமோ அந்த உயரத்துக்கு இறக்கினேன். அது நான் நினைத்ததைவிட ஒரு அடி தாழ்வாக இருந்தது.

மறுநாள் காலை கச்சேரியைப் போட்டுவிட்டு எதேச்சையாகச் சப்பின் பின்னால் எட்டிப் பார்த்தேன். விளக்கு சிவப்பாக எரிந்தது. சப் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த சப்களில் ‘ஆட்டோ’ என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. சிக்னல் வந்தால் தானே விழித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் வராவிட்டால் தூங்கிவிடும். குறைந்த வால்யூமில் சிக்னல் மெலிந்து, சப் விழிக்காமல் போவது நடக்கக்கூடியதுதான். அதனால் ஸ்விட்சை ‘ஆன்’ பக்கம் தள்ளினேன். விளக்கு பச்சையானது. தொப்பி வரவில்லை. சப்பின் முகப்பில் அதிரும் கூம்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. அப்படியானால் ரிசீவர் சப்புக்கு எதையும் அனுப்பவில்லை.

இதைப் புரிந்துகொள்ள 5.1 என்பதில் அந்த ‘.1’ என்ன என்று தெரிய வேண்டும். சினிமாவின் ஒலித்தடத்தில் வெடி, இடி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கென்றே தனியாக ஒரு சேனல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் எல்எஃப்இ. 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதில் ஒலி இருக்கும். குண்டு வெடித்தபோது சப் அதிர்ந்தது அதனால்தான். கச்சேரிப் பதிவு இரண்டே சேனல். அதில் சப்புக்கு என்று எதுவும் எழுதப்பட்டிருக்காது. முன் ஸ்பீக்கர்களின் அடி ஒலியைப் பிரித்து சப்புக்குத் தள்ள வேண்டியது ரிசீவரின் வேலை. அந்த வேலையை அது செய்வதா வேண்டாமா என்பதை ஒரே ஓர் அமைப்பு முடிவு செய்கிறது: ஸ்பீக்கர் ‘லார்ஜ்’ஆ ‘ஸ்மால்’ஆ.

மைக் சோதனை முடிந்ததும் ரிசீவர் என் முன் ஸ்பீக்கர்களுக்கு ‘லார்ஜ்’ என்று எழுதிவைத்திருந்தது. அதாவது, இவை எல்லாத் தாழ்ந்த ஒலியையும் தாமே பார்த்துக்கொள்ளும், சப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று பொருள். ஐந்தேகால் அங்குலக் கூம்பு உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரால் அது முடியாது. ஸ்மால் என்ற சொல்லைக் கண்டு யாரும் தயங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரைச் சின்னது என்று ஒப்புக்கொள்வது போலத் தோன்றலாம். ஆனால் அது பெட்டியின் அளவைப் பற்றிய பேச்சு கிடையாது. ‘இந்த எல்லைக்குக் கீழே உள்ளதை சப்புக்குக் கொடு’ என்ற உத்தரவு. அந்த எல்லைதான் கிராஸோவர். நான் ஐந்தையும் ஸ்மால் ஆக்கி, கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். பெரும்பாலான வீடுகளுக்கு அங்கிருந்து தொடங்குவதே சரி. 80க்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சட்டென்று தெரியாது. அதனால் சப் எங்கே இருந்தாலும் முன் ஸ்பீக்கர்களோடு கலந்துவிடும். பின்னால் மாட்டிய சின்ன ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 120 வைத்தேன்.

சப்பின் முதுகிலும் ஒரு கிராஸோவர் குமிழ் இருக்கிறது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். அதை 60 பக்கத்தில் திருப்பி வைத்திருந்தேன். ரிசீவர் 80க்குக் கீழே உள்ளதை சப்புக்குத் தருகிறது. சப் 60க்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது. நடுவில் உள்ள ஒலியை யாரும் வாசிக்கவில்லை. ஒரு வேலையை ஒரே இடம்தான் செய்ய வேண்டும். ரிசீவர் பிரிக்கிறது என்றால் சப்பின் குமிழை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும், அல்லது ‘எல்எஃப்இ’, ‘பைபாஸ்’ என்று ஸ்விட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும்.

சப்பின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழும் இதே கதைதான். அதைக் கடிகாரத்தின் 12 மணி இடத்தில் வைத்துவிட்டு மைக் சோதனையை ஓட்டுங்கள். முடிவில் ரிசீவர் சப்புக்குப் போட்ட அளவைப் பாருங்கள். எனக்கு மைனஸ் 12 டெசிபல் என்று வந்தது. பல ரிசீவர்களில் அதுதான் கடைசி எல்லை. அதற்குக் கீழே குறைக்க ரிசீவருக்கு இடமில்லை, ஆகவே உண்மையில் இன்னும் குறைக்க வேண்டியிருந்ததா என்றே தெரியாது. கெயினை 10 மணிக்கு இறக்கி மறுபடி ஓட்டினேன். மைனஸ் 4 வந்தது. அதில் நிறுத்தினேன். தூரத்தைப் பார்த்தால் டேப்பில் 3 மீட்டர் உள்ள சப்புக்கு ரிசீவர் 4.6 மீட்டர் என்று காட்டும். தவறு என்று திருத்திவிடாதீர்கள். சப்பின் உள் மின்சுற்றில் ஏற்படும் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டுச் சேர்த்திருக்கிறது.

இதெல்லாம் செய்ததும் தொப்பி வந்தது. அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் ஐந்து நிமிடத்தில் நெற்றியைச் சுருக்கினார். “கேக்குதுப்பா. ஆனா மிருதங்கக்காரர் எங்க உக்காந்திருக்கார்னு தெரியல. பாட்டும் ரூம் பூரா பரந்து கெடக்கு” என்றார்.

அப்பாவுக்கு இந்தக் கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொன்னதோ அப்படியே அச்சுப் பிசகாத நோய்க்குறி. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்குப் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைந்து போகும். அடி ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலியும். எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, மைக் சோதனையின்போது இடது ஸ்பீக்கருக்கு ‘ஃபேஸ்’ என்று ஓர் எச்சரிக்கை வந்தது. சுவர்ப் பிரதிபலிப்பால் சில சமயம் இந்த எச்சரிக்கை பொய்யாகவும் வரும் என்று எங்கோ படித்திருந்ததால் தாண்டிப் போய்விட்டேன். பொய்யாக வரலாம் என்பது உண்மைதான், ஆனால் பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். இடது ஸ்பீக்கரின் ஒயர் அலமாரிக்குப் பின்னால் போகிறது. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சிவப்புக் கோடு உள்ள இழையைக் கறுப்பு டெர்மினலில் மாட்டியிருந்தேன்.

ஒயர் சுவருக்குள் பைப்பில் போயிருந்து, எது எது என்று தெரியவில்லை என்றால் ஒரு ரிமோட் பேட்டரி போதும். ஒயரை முதலில் ரிசீவரிலிருந்து கழற்றிவிடுங்கள், இது முக்கியம். அந்த முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட இழைதான் பிளஸ். பின்னால் போனால் மாறியிருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களையும் இப்படிப் பார்த்துவிட்டேன். அம்மா ஒரு ஸ்பீக்கரின் முன்னால் நின்று “வெளிய வருது” என்று சொல்ல, நான் இந்தப் பக்கம் ஒயருக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்தேன்.

மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கமாக ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தார். சப்பின் கூம்பு அசையும் திசையை மாற்றும் ஃபேஸ் ஸ்விட்சையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். முன் ஸ்பீக்கர் மாறியிருக்கும்போது இதைத் தொட்டுப் பயனில்லை. அப்பா சேரில் நான் உட்கார்ந்துகொண்டு, 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, தம்பியை 0க்கும் 180க்கும் மாற்றி மாற்றித் தள்ளச் சொன்னேன். எதில் ஒலி கனமாகக் கேட்டதோ அதுதான் சரி. எங்கள் வீட்டில் 0.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. அம்மாவுக்குக் கச்சேரியைவிடப் பழைய சினிமாப் பாட்டு. பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி வரும் இடத்தில், “கடைசிப் படி காணோம், காலு பள்ளத்துல வைக்கிற மாதிரி இருக்கு” என்றார். நான் எழுந்து பின் சுவர் பக்கம் போனேன். அங்கே அதே சுரம் வயிற்றில் இடிக்கும் அளவுக்குக் கனமாக இருந்தது. அப்பா சேரில் உட்கார்ந்தால் இல்லை.

எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். 14 அடி என்றால் சுமார் 4.27 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. இதை அறையின் நீளத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே ஊஞ்சல் போல ஆடி நிற்கும். சுவரோரம் பலமாகவும் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வருவதும் 41 ஹெர்ட்ஸ்தான். அப்பாவின் ஈஸி சேர் ஃபேனுக்கு நேர் கீழே, அறையின் நடுவில் இருந்தது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள நம் வீடுகளில் அடி ஒலி சுவர் வழியே அதிகம் கசிந்து போவதில்லை. அதனால் இந்த மேடும் பள்ளமும் கூடுதலாகவே தெரியும். இதற்கு வால்யூமைக் கூட்டிப் பயனில்லை. பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் அங்கே நிரம்பாது, மற்ற இடங்களில்தான் வழியும்.

செய்ய முடிந்தது இரண்டு. சேரை நகர்த்துவது, சப்பை நகர்த்துவது. சேரை இரண்டடி பின்னால் தள்ளினோம். சப்புக்கு நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் உடம்பு வளைய வேண்டும். சப்பைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் கிட்டார் நன்றாக இறங்கி ஏறும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். பிறகு சப் வைக்க வாய்ப்புள்ள இடங்களிலெல்லாம் நாம் தவழ்ந்து போய், தரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாப் படியும் ஒரே கனத்தில் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்தால், சேரிலும் அப்படியே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 14 கிலோ சப்பை அப்பாவின் இடத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, நான் சுவரோரமாகத் தவழ்ந்தேன். முதலில் வைத்திருந்த மூலையில் ஒரு சுரம் மட்டும் பூதம் போல உப்பிக் கேட்டது. டிவி மேசைக்கு வலப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி எல்லாம் சமமாக இருந்தது. அங்கேதான் இப்போது சப் இருக்கிறது. இடத்தை மாற்றியதால் மைக் சோதனையை மறுபடி ஓட்டினேன். அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து ஹம்மிங். கேபிள்காரர் செட்டாப் பாக்ஸைக் கொண்டுவந்து மாட்டிய அன்று, சப்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஒரு முனகல் ஆரம்பித்தது. பாட்டு ஓடாதபோது நன்றாகவே கேட்டது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ்தான் அது. சப் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஆர்சிஏ ஒயரைச் சப்பிலிருந்து உருவினேன், முனகல் நின்றது. அப்படியானால் சப்பில் கோளாறு இல்லை. மறுபடி செருகிவிட்டு, ரிசீவரோடு சேர்ந்திருக்கும் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவியின் தடித்த ஒயரைத் திருகி எடுத்த அந்த நொடியே நிசப்தம். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயரின் வெளிக்கவசம் வேறு எங்கோ எர்த் ஆகிறது. நம் வீட்டு எர்த் வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு சப்பின் ஒயர் வழியாக ஒரு வளையமாக ஓடி முனகலாகிறது.

பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன், “பிளக்குல எர்த் பின்னை எடுத்துட்டா நின்னுடும் தம்பி” என்றார். நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எர்த் பின் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. உள்ளே ஏதாவது ஒயர் பிய்ந்து பெட்டியைத் தொட்டால், தொடுகிறவரைக் காப்பாற்றுவது அதுதான். முழங்கால் வலியோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழும் அப்பா இருக்கும் வீட்டில் அதை எடுக்க நான் சம்மதிக்கவில்லை, நீங்களும் எந்த வீட்டிலும் சம்மதிக்காதீர்கள். டிவி, ரிசீவர், சப் மூன்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தேன். முனகல் பாதியானது. கேபிள் ஒயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் போட்டு, கவசத்தின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்ன ஐசொலேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டதும் முழுக்க நின்றது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும் லைனில் ரிசீவரை நான் மாட்டவில்லை. எங்கள் இன்வெர்ட்டர் பழைய சதுர அலை வகை, அதில் எல்லா ஸ்பீக்கர்களும் இரைகின்றன.

கீழ் வீட்டு அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் மாடியில் இருக்கிறோம். ஒரு நாள் படியில் பார்த்தபோது, “ராத்திரி எங்க பரண்ல பாத்திரமெல்லாம் கடகடங்குதுப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்குச் சங்கடம் அதிகமாக இருந்தது. சப்பின் கூரான கால்களைக் கழற்றிவிட்டு, அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டேன். தரை வழியாகப் போகும் அதிர்வு குறைந்தது. காற்று வழியாகப் போகும் அடி ஒலியை ரப்பர் தடுக்காது. அதனால் ஒன்பது மணிக்கு மேல் ரிமோட்டிலேயே சப்பின் அளவை 6 டெசிபல் குறைத்துவிடுகிறோம். ரிசீவரில் இரவு நேரத்துக்கென்று உள்ள அமைப்பையும் போட்டுவிடுவோம். அது வெடிச் சத்தத்தை அடக்கி வசனத்தை மேலே கொண்டுவரும். வசனம் புரியவில்லை என்று அம்மா சொன்னதற்கும் அதுவே உதவியது. சென்டர் ஸ்பீக்கரை அலமாரித் தட்டின் உள்ளேயிருந்து விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கி லேசாகச் சாய்த்து, அளவை 2 டெசிபல் கூட்டியதும் மிச்சமும் சரியானது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அதே கச்சேரிப் பதிவைப் போட்டேன். தனி ஆவர்த்தனம் வரைக்கும் அப்பா பேசவில்லை. கும்கி ஒவ்வொன்றும் உருண்டு வந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, “நல்லா இருக்கு. ஆனா மேடையிலயே உக்கார வெச்சுட்ட. நான் எப்பவும் நாலாவது வரிசைதான்” என்றார்.

சப்பை 2 டெசிபல் இறக்கி, தனியை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

“இங்கதான்” என்றார் அப்பா.